அடி வாங்குறவனுக்கு எதுக்குப் பூர்வீகம்?

சண்டை ஆரம்பித்த நாற்பதாவது நொடியில் முதல் ஆள் எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து அவர் மனைவி எழுந்தார். அதற்குப் பிறகு, பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்த மாதிரி வரிசை வரிசையாக எழுந்தார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எடிட்டரம்மா திரையைப் பார்க்கவில்லை. அந்தப் படத்தை அவள் முந்நூறு தடவை பார்த்தாயிற்று. அவள் பார்த்துக்கொண்டிருந்தது பின்னந்தலைகளை. சோதனைக் காட்சிக்கு வந்த நாற்பது பேரின் தலைகள். தலை அசையாமல் இருந்தால் படம் ஓடுகிறது. தலை சாய்ந்தால் எங்கேயோ வெட்ட வேண்டும். தலையே காணாமல் போனால்?

இருபத்தொன்பது தலைகள் காணாமல் போயிருந்தன. மிச்சப் பதினொன்றில் ஏழு, கைப்பேசி வெளிச்சத்தில் நீலம் பாரித்துக் கிடந்தன. மூன்று பேர் தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். ஒரே ஒரு தலை மட்டும் ஆடாமல் அசையாமல் திரைக்கு நேராக இருந்தது. யார் அந்தப் புண்ணியவதி என்று எட்டிப் பார்த்தாள். அவளுடைய மாமியார். வாயை லேசாகத் திறந்து வைத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

திரையில் கதாநாயகன் ஒரு பெரிய மண்டபத்துக்குள் வில்லனைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தான். மண்டபம் நிறைய மர நாற்காலிகள். பதினேழு நாற்காலிகள் தூள் தூளாயின. வில்லன் மூன்று தடவை பறந்தான், ஒரு தடவை மேஜையோடு பறந்தான். எல்லாம் வெறும் சுவருக்கும் காலி இருக்கைகளுக்கும் நடந்தது.

விளக்கு எரிந்ததும் தயாரிப்பாளர் முன்வரிசையிலிருந்து வந்தார். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும். இவருக்கு இறங்கும். காதைக் கிட்டத்தில் கொண்டுபோனால்தான் திட்டு வாங்க முடியும்.

"சண்டை எத்தனை நிமிஷம்?"

"ஒன்பது, சார்."

"ஜனம் பாத்ரூம் போயிட்டு வர எத்தனை நிமிஷம் ஆச்சு?"

எடிட்டரம்மா கொஞ்சம் தயங்கினாள். "அதுவும் ஒன்பதுதான் சார்."

"சண்டை எப்போ முடியும்னு அவங்களுக்குக் கரெக்டா தெரிஞ்சிருக்கு பாருங்க. ரெண்டு நிமிஷமா வெட்டிடுங்க. வெள்ளிக்கிழமை மதியம் எடிட்டிங்கை முடிச்சுப் படத்தை மூடியாகணும். அதுக்கு முன்னாடி புதன்கிழமை ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். ஹீரோவும் வர்றார்."

சொல்லிவிட்டுக் கதவருகே போனவர், அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்ற சண்டை மாஸ்டரின் தோளில் தட்டினார். "அடுத்த படத்துக்கு வேற மாஸ்டரைப் பார்க்கணும் போலிருக்கேப்பா" என்றார், மழை வரும் போலிருக்கே என்பதைப் போல.

மாஸ்டரின் முகம் சுண்டிவிட்டது. பதினான்கு வருஷம் யார் யாருக்கோ உதவியாளாக இருந்து, பிறர் பெயரில் அடித்து, பிறர் பெயரில் விழுந்து, முதல் தடவையாகத் தன் பெயரில் அமைத்த சண்டை அது. இருபத்திரண்டு நாள் ஒத்திகை. அதில் ஏழு நிமிஷம் குப்பைக்குப் போனால் அடுத்த படமும் அதோடு போகும். திரும்பவும் யாருக்காவது கயிறு பிடிக்க வேண்டியதுதான்.

இதில் இன்னொரு சங்கடம். மாஸ்டர் எடிட்டரம்மாவின் புருஷன்.

இயக்குநரிடம் முறையிடலாம் என்றால், அவர் இசையமைப்பாளரோடு இசைக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நாள் ஆகிறது. 'சண்டை விஷயம் உங்கள் குடும்ப விஷயம்' என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிவிட்டுக் கழன்றுகொண்டார்.

குடும்ப விஷயம் அன்று சாயங்காலமே ஆரம்பமாயிற்று.

"சண்டையில குறையில்லைங்க" என்றாள் எடிட்டரம்மா, தட்டை நகர்த்திக்கொண்டே. "அடி ஒவ்வொண்ணும் அழகு. ஆனா யாரை அடிக்கிறாங்கன்னே தெரியல. உங்க வில்லன் முதல் பாதியில ரெண்டு தடவை கார்லேர்ந்து இறங்குறான். மூணு தடவை போன்ல சிரிக்கிறான். அவ்வளவுதான். அப்புறம் நேரா அடி வாங்க வந்துடுறான். தெரியாதவன் அடி வாங்கினா எவன் உக்காந்து பார்ப்பான்?"

"அடி வாங்குறவனுக்கு எதுக்குப் பூர்வீகம்?" என்றார் மாஸ்டர். "அவன் எந்த ஸ்கூல்ல படிச்சான், எந்தப் பல்லு முதல்ல விழுந்துச்சுன்னு சொல்லிட்டா அடிக்க முடியும்? பந்து எங்க தயாராச்சுன்னு கேட்டுட்டா கிரிக்கெட் பார்க்குறோம்?"

"பந்து பேசாது. வில்லன் பேசுவான்."

"என் வில்லன் பேசமாட்டான். பறப்பான்."

கூடத்தில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த மாமியார் தலையைத் திருப்பாமலே குரல் கொடுத்தார். "நேத்து என் தொடர்ல அந்தச் சின்ன மருமக ஒரே ஒரு அறை வாங்குனா. நான் எழுந்து நின்னு கை தட்டினேன்."

"நீ தூங்குனதை இன்னைக்கு ஊரே பார்த்துச்சும்மா" என்றார் மாஸ்டர்.

"டேய், அவளை எனக்கு ஆறு வருஷமா தெரியும். மாமனார் மாத்திரையை மாத்தி வெச்சவ அவ. ஆறு வருஷம் காத்திருந்து வாங்குன அறைடா அது. உன் ஆளு யாரு? வந்தான், விழுந்தான். நான் எதுக்கு முழிச்சிருக்கணும்?"

எடிட்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எதிர் வீட்டு ஜன்னல் மெல்லத் திறந்தது. இவர்கள் இருவரும் குரலை உயர்த்தினால் அந்த ஜன்னல் திறக்கும். ஆறேழு வருஷமாக வழக்கம்.

"அதோ பாருங்க" என்று கண்ணைக் காட்டினாள். "நம்ம சண்டையில ஒரு உதை உண்டா, ஒரு நாற்காலி உடையுதா? ஒண்ணும் கிடையாது. ஆனாலும் ஜன்னலைத் திறந்து வெச்சுக் கேக்குறாங்க. ஏன்? நீங்க யாரு, நான் யாருன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும்."

வாதத்தில் மாட்டிக்கொண்டால் செய்வதை மாஸ்டர் செய்தார். எழுந்து கை கழுவப் போனார். உட்கார்ந்திருந்த நாற்காலி வழக்கம்போல் நடுவழியில் கோணிக்கொண்டு நின்றது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த மனிதர் ஒரு நாளாவது நாற்காலியை மேஜைக்கு உள்ளே தள்ளியதில்லை. அதில் இடித்துக்கொள்ளாத முட்டி அந்த வீட்டில் இல்லை.

"சரி, பந்தயம்" என்றார் துவாலையோடு திரும்பி வந்து. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்த முதுகை ஒரு கையால் நீவிக்கொண்டார். "என் சண்டையில ஒரு அடியைக்கூட வெட்டாதே. உன் பூர்வீகத்தை எங்கயாவது சொருகு. ஜனம் எழுந்து போகாம உக்காந்துட்டா நான் தோத்தேன்."

"தோத்தா?"

"இந்த வீட்டு நாற்காலியெல்லாம் ஆயுசுக்கும் நானே உள்ள தள்ளுறேன்."

"எழுதிக் குடுடா" என்றார் மாமியார் கூடத்திலிருந்து.

படுக்கப் போன பிறகுதான் மாஸ்டருக்கு உறைத்தது. வாதத்தில் ஜெயித்தால் சண்டை போய்விடும். சண்டை பிழைக்க வேண்டுமென்றால் பெண்டாட்டி சொன்னது சரியாக இருக்க வேண்டும். எந்தப் புருஷனுக்கும் இப்படி ஒரு இக்கட்டு வரக்கூடாது.

மறுநாள் காலை எடிட்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினாள். ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேஜை, இரண்டு திரை, முதுகு சாய்த்தால் முனகுகிற ஒரு நாற்காலி. புதிதாக எதையும் எடுக்க முடியாது. வில்லனாக நடித்தவர் ஆறடி மூன்றங்குலம், தோள் அகலம் கதவு அகலம். படப்பிடிப்பில் எல்லாரும் அவரை 'மலை' என்றே கூப்பிடுவார்கள். மலை இப்போது வேறொரு படத்துக்காகத் தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு நின்றார்.

ஆனால் எடிட்டர்களுக்குக் குப்பைத்தொட்டிதான் கஜானா. 'ஆக்‌ஷன்' என்று சொல்வதற்கு முன்பும் 'கட்' என்று சொன்ன பிறகும் கேமரா சில நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். யாருக்கும் வேண்டாத நொடிகள். அதை எல்லாம் எடுத்துப் போட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினாள்.

மூன்றாவது படத்துண்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

'கட்' என்ற குரல் கேட்கிறது. கீழே விழுந்து கிடந்த மலை எழுந்திருக்கிறார். வலிக்கிறதா என்று தன்னைப் பார்த்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் சாய்ந்து கிடந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்துகிறார். தோளில் கிடந்த துண்டால் அதன் முதுகைத் துடைக்கிறார். வரிசையோடு வரிசையாக வைத்து, ஒரு கண்ணை மூடி, நேராக இருக்கிறதா என்று பார்க்கிறார். அரை விரற்கடை தள்ளுகிறார். பிறகுதான் போகிறார்.

அடுத்த துண்டிலும் அதே. அதற்கடுத்ததிலும். முப்பது டேக்கில் முப்பது தடவை மனிதர் நாற்காலி அடுக்கியிருந்தார். உடைந்த நாற்காலி ஒன்றின் காலை, இனி ஒட்டாது என்று தெரிந்தும், ஒட்டிப் பார்த்தார்.

எடிட்டரம்மா போனைப் போட்டாள்.

"சொல்லுங்க எடிட்டரம்மா" என்றது மலை. அந்த உடம்புக்கு அந்தக் குரல் ரொம்ப மெல்லிசு. அதனால்தான் படத்தில் பேசவிடவில்லை.

"அண்ணே, ஷூட்டிங்ல எதுக்கு நாற்காலியை எல்லாம் அடுக்கிட்டே இருந்தீங்க?"

"ஐயையோ, அதெல்லாமா பதிவாயிருக்கு?" மலைக்கு வெட்கமாகிவிட்டது. "எங்கப்பா நாற்காலி வாடகைக்கு விடுற கடை வெச்சிருந்தார்மா. வெளிய போன நாற்காலி திரும்பி வரும்போது ஒரு கால் ஆடினாலும் எனக்குத்தான் அடி. அதுலேர்ந்து கோணலா ஒரு நாற்காலியைப் பார்த்தா எனக்கு மூச்சு முட்டும். மாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க. பதினேழு நாற்காலி உடைச்சாரே மனுஷன், அன்னைக்கு முழுக்க எனக்குச் சோறே இறங்கல."

போனை வைத்தபோது எடிட்டரம்மாவின் முகத்தில் திருட்டுப் பூனையின் களை இருந்தது.

சண்டைக்கு முன்னால் இருபது நொடி: காலி மண்டபத்தில் வில்லன் தனியாக நாற்காலிகளை வரிசைப்படுத்துகிறான், ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறான். சண்டைக்கு நடுவே அங்கங்கே நாலு துண்டு. மொத்தம் நாற்பது நொடி. மாஸ்டரின் ஒன்பது நிமிஷத்தில் ஒரு அடியைக்கூட அவள் தொடவில்லை.

புதன்கிழமை புதிதாக நாற்பது பேர் வந்தார்கள். நாற்பதில் ஒருவர் பழையவர்: மாமியார். "முழிச்சிருக்கேனா பாரு" என்று சவால் விட்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். கதாநாயகன் கறுப்புக் கண்ணாடியோடு வந்து தயாரிப்பாளர் பக்கத்தில் அமர்ந்தான். மாஸ்டர் கதவருகே. எடிட்டரம்மா கடைசி வரிசையில், தலைகளுக்குப் பின்னால்.

மண்டபம் வந்தது. வில்லன் துண்டால் நாற்காலியைத் துடைத்தான். யாரோ மெல்லச் சிரித்தார்கள். அவன் ஒரு கண்ணை மூடிப் பார்த்து அரை விரற்கடை தள்ளியபோது சிரிப்பு பரவிற்று. தலைகள் நிமிர்ந்தன. எடிட்டரம்மா விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

அப்போது மாமியாரின் குரல் கணீரென்று கேட்டது. "அடப்பாவி, ஷூவோட காலை நாற்காலி மேல வெச்சிருக்கான் பாரு!"

எடிட்டரம்மா முதல் தடவையாகத் தலைகளை விட்டுத் திரையைப் பார்த்தாள்.

அவள் மேஜைத் திரையில், வில்லனுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு கறை தெரிந்தது. கட்டைவிரல் நகம் அளவு. அவள் கண் நாற்காலியிலேயே இருந்ததால் அதைத் தூண் என்று நினைத்துவிட்டாள். பெரிய திரையில் தூண், ஆளுயரத்துக்கு வளர்ந்து கதாநாயகனாகியிருந்தது. படப்பிடிப்பு இடைவேளையில் அவன் ஒரு நாற்காலியில் சாய்ந்து, இன்னொன்றின் மேல் ஷூக்காலை நீட்டி, உறிஞ்சுகுழாயால் இளஞ்சிவப்பாக ஏதோ குடித்துக்கொண்டிருந்தான். அங்கே வில்லன் ஒவ்வொரு நாற்காலியாகத் துடைத்துக்கொண்டிருக்க, இங்கே இவன், அவன் துடைத்ததன் மேல் கால் போட்டுக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருத்தரும் எழவில்லை. முதல் நாற்காலி உடைந்தபோது தியேட்டர் முழுக்க "ச்சோ" என்றது. மூன்றாவது உடைந்தபோது, "வேற ஏதாவது எடுத்து அடிடா!" என்று ஒருவர் கத்தினார். வில்லன் ஓங்கிக் கொடுத்த ஒரு குத்துக்கு விசில் பறந்தது. பன்னிரண்டாவது நாற்காலியைக் கதாநாயகன் தூக்கியபோது மாமியார் எழுந்தே நின்றுவிட்டார். "அதை வெச்சுட்டுப் போடா, உருப்படாதவனே!"

கறுப்புக் கண்ணாடி இருக்கையில் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, கடைசியில் கண்ணாடி மட்டும் மேலே தெரிந்தது. வில்லன் சாய்ந்தபோது இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

விளக்கு எரிந்தது. தயாரிப்பாளரின் குரல் பாதாளத்துக்குப் போயிருந்தது.

"யாரும் எழுந்து போகல. சந்தோஷம். ஆனா இது யார் படம்?"

"சார், நான் நல்லவன்தானே?" என்றான் கதாநாயகன் பரிதாபமாக. "ஊரைக் காப்பாத்துறேன் சார். அணையை மீட்டுக் குடுத்திருக்கேன். ஒரு நாற்காலிக்காக என்னை உருப்படாதவன்னு சொல்றாங்க."

"வெள்ளிக்கிழமை மதியம்" என்றார் தயாரிப்பாளர். "ஜனத்துக்கு ஹீரோவைப் பிடிச்சிருக்கணும். இல்லைன்னா ரெண்டு நிமிஷ சண்டை. நாற்காலியே இல்லாத ரெண்டு நிமிஷம்."

வியாழக்கிழமை காலை எடிட் அறைக்கு மாஸ்டரும் கூட வந்தார். முனகுகிற நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டார்.

"பார்த்தியா? வில்லனுக்குப் பூர்வீகம் குடுத்தா இதான் நடக்கும். பூனைக்கு மணி கட்டப்போய் எலிக்குக் கட்டிட்டே."

"கிண்டல் பண்றதுக்கா வந்தீங்க?"

"இல்ல" என்று மாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எப்படியாவது நீ ஜெயிக்கணும்னு வந்தேன்."

எடிட்டரம்மா அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். வேலையைத் தொடங்கினாள்.

கால் நீட்டிய கதாநாயகனை ஒழிப்பது சுலபம். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அவனை விளிம்புக்கு வெளியே தள்ளிவிட்டாள். ஆனால் அது போதாது. நாற்காலிகளை உடைத்தவனை ஜனம் மன்னிக்க வேண்டும். அதற்கு அவனும் ஏதாவது செய்தாக வேண்டும். கதாநாயகனின் வேண்டாத நொடிகளை எல்லாம் ஓட்டினாள். 'கட்' என்ற சொல்லில் 'ட்' வருவதற்குள் ஆள் கேமராவின் சட்டத்தை விட்டே மறைந்திருந்தான். நாற்பத்திரண்டு துண்டு, நாற்பத்திரண்டிலும் வெறும் முதுகு, அதுவும் ஓடுகிற முதுகு.

"டூப் போட்ட ஷாட்டெல்லாம் எங்க?" என்றாள். கதாநாயகன் மேஜைமேல் விழுவது, மேலேயிருந்து குதிப்பது போன்றவற்றை அவனைப் போலவே உடையணிந்த ஒரு பையன் செய்திருந்தான். எல்லாம் பின்பக்கத்திலிருந்து எடுத்தவை.

"அதெல்லாம் வேண்டாமே" என்றார் மாஸ்டர். "அதுல ஒண்ணும் இருக்காது."

கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த அவசரம் போதும். அவள் அதையே திறந்தாள்.

மேஜை உடைகிறது. ஆள் உருண்டு விழுகிறான். 'கட்'. டூப் மெல்ல எழுந்து, முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இரண்டடி நடக்கிறான். நிற்கிறான். திரும்பி வந்து குனிகிறான். விழுந்து கிடந்த ஒரு நாற்காலியை நிமிர்த்தி வைக்கிறான். அதன் முதுகை இரண்டு விரலால் அழுத்தி, ஆடுகிறதா என்று பார்க்கிறான். போகிறான்.

எடிட்டரம்மா படத்தை நிறுத்தினாள்.

"இது யாருங்க?"

"டூப் பையன்."

"டூப் பையனுக்கு இடது தோள் இறங்கியிருக்குமா?"

மாஸ்டர் முக்காலியின் கால்களை ஆராய்ந்தார்.

"இந்த முதுகுக்குப் பன்னிரண்டு வருஷமா தைலம் தேய்க்கிறவ நான். எனக்குத் தெரியாதா? மூணு வருஷத்துக்கு முன்னாடி விலா உடைஞ்சப்போ என்ன சொன்னீங்க? இனிமே நான் விழமாட்டேன், விழ வைக்கிறதோட சரின்னு சொல்லலை? போன மாசம் பாத்ரூம்ல வழுக்கினது இதுதானா?"

"பையனுக்குக் காய்ச்சல். அன்னைக்கு எடுக்கலைன்னா மண்டபத்தைக் காலி பண்ணணும். என் முதல் சண்டை..."

"பொய்யி!" என்றாள். குரல் சுவரைத் தாண்டியிருக்க வேண்டும். பக்கத்து அறையில் குரல் பதிவு செய்துகொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நடைக்கு வந்து நின்றார்கள். கதவுக் கண்ணாடியில் நாலு முகம் தெரிந்தது. "அதுகூடப் போகட்டும். அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு."

"இன்னும் என்ன?"

"நாற்காலி!" திரையில் விரலால் குத்தினாள். "பன்னிரண்டு வருஷமா வீட்டுல ஒரு நாற்காலியை உள்ள தள்ளினதில்ல. இங்க இடுப்பு உடைஞ்ச நிலையில குனிஞ்சு நிமித்துறீங்க. ரெண்டு விரலால அழுத்தி வேற பார்க்குறீங்க. யாருக்குக் காட்ட இந்த ஒழுங்கு?"

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டர் கழுத்தைச் சொறிந்தார்.

"மலை பார்த்துட்டு நின்னாரு" என்றார் கடைசியில். "நாள் முழுக்க நான் உடைக்க உடைக்க அவர் நிமித்திட்டே இருந்தாரு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல. அவர் முன்னாடி நாற்காலியைத் தாண்டிப் போக எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதான்."

எடிட்டரம்மாவின் கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. இன்னொரு கேமராவின் துண்டைத் தேடி எடுத்தாள். அதே நேரம், அதே மண்டபம். தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மலை, யாரோ நாற்காலியை நிமிர்த்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரத்தில் போலி ரத்தம். கண்களில் ஒரு நிம்மதி. 'அப்பாடா, ஒருத்தனுக்காவது தெரிஞ்சுதே' என்கிற பார்வை. எந்த இயக்குநர் சொல்லிக்கொடுத்தாலும் வராத பார்வை.

"சண்டையை நான் அப்புறம் போட்டுக்குறேன்" என்றாள் புருஷனிடம். "இப்போ நகருங்க. வெளிச்சம் மறைக்குது."

வெள்ளிக்கிழமை மதியம் பெரிய திரையில் ஒரு தடவை மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டுத்தான் எடிட்டரம்மா ஆட்களை உள்ளே விடச் சொன்னாள். பின்னால் எங்கும் ஷூக்கால் இல்லை.

நாற்பது பேர். வில்லன் நாற்காலி அடுக்கினான், சிரித்தார்கள். நாற்காலிகள் உடைந்தன; "ச்சோ" கொட்டினார்கள். கதாநாயகன்மேல் கோபம் ஏறிக்கொண்டே போனது. மாஸ்டர் கதவருகே நகத்தைக் கடித்தார். பதினேழாவது நாற்காலியும் உடைந்தது. வில்லன் சுவரோரம் சரிந்தான். மண்டபத்தில் தூசி அடங்கியது.

முதுகைக் காட்டிக்கொண்டு கதாநாயகன் நடந்தான். இரண்டடி. நின்றான். திரும்பி வந்து குனிந்து, உடையாமல் விழுந்து கிடந்த ஒரு நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தான்.

மலையின் கண்கள் திரை முழுக்க விரிந்தன.

எடிட்டரம்மா தலைகளைப் பார்த்தாள். நாற்பதும் அப்படியே இருந்தன. சிலை வரிசை. ஒரு நொடி, இரண்டு நொடி. அப்புறம் விசில் சத்தத்தில் கூரை அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் மாமியார் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து இருக்கைக்காரியிடம், "நான் அன்னைக்கே சொன்னேன், தங்கமான பையன்னு" என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கதாநாயகன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "இதை நான் எப்போ நடிச்சேன்?"

"ஞாபகம் இல்லையா?" என்றார் தயாரிப்பாளர். அவர் குரல் வெகுநாளைக்குப் பிறகு மேலே வந்திருந்தது.

கதாநாயகன் ஒரு கணம் யோசித்தான். சுற்றிலும் கை தட்டுகிறவர்களைப் பார்த்தான். "ஆமா ஆமா. ஸ்பாட்ல எனக்கே தோணுச்சு சார். டைரக்டர்கூடச் சொல்லல. வில்லனா இருந்தாலும் அவனும் மனுஷன்தானேன்னு சும்மா பண்ணினேன்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். எடிட்டரம்மா தூரத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

"ஒன்பது நிமிஷமும் இருக்கட்டும்" என்றார் தயாரிப்பாளர், மாஸ்டரின் முதுகில் தட்டி. அடி அங்கேதான் பட்டிருந்தது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "அடுத்த படமும் உனக்குத்தான். இப்பவே சொல்லிடுறேன், அந்த வில்லனுக்கும் இந்த மாதிரி ஏதாவது ஒரு பழக்கம் வெச்சிடு. பூந்தொட்டி, கடிகாரம், எதுவா இருந்தாலும் சரி. ஆனா கண்ணாடிச் சாமான் வேண்டாம், செலவு தாங்காது."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நால்வருக்கான மேஜையில் மூவர் உட்கார்ந்தார்கள். எடிட்டரம்மா மீதி வைத்திருந்த சண்டையைப் பொய், விலா எலும்பு, குளியலறை என்று வரிசையாகப் போட்டு முடித்தாள். எதிர் ஜன்னல் திறந்துதான் இருந்தது. மாஸ்டர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை; அதில் எதிர் வீட்டாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனார். நாற்காலி நடுவழியில் கோணிக்கொண்டு நின்றது. எடிட்டரம்மா அதையே பார்த்தாள். மாமியாரும் பார்த்தார். ஜன்னலும் பார்த்தது.

இரண்டடி போனவர் நின்றார். திரும்பி வந்தார். நாற்காலியை மேஜைக்கு உள்ளே தள்ளினார். இரண்டு விரலால் முதுகை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

மாமியார் திகைத்துப்போய் மருமகளைப் பார்த்தார். "ஏம்மா, நம்ம வீட்டுப் பிள்ளையா இது?"

"இல்ல அத்தை" என்றாள் எடிட்டரம்மா, தட்டுகளை அடுக்கிக்கொண்டே. "டூப்."